உப்பு போன வழி: திருப்பூர் சாயக்கழிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கிலோ பனியன் துணிக்கு அடர்நிறம் ஏற்ற ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு வேண்டும். துணி எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு. பெருக்கிப் பார்த்தால் 480 கிராம் வரும். சாயம் ஏறி முடிந்ததும் இந்த உப்பு துணியில் தங்காது. அநேகமாக முழுவதும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். உப்பின் வேலை சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவது மட்டும்தான்.

திருப்பூர் சாயப்பட்டறைகளின் கதையைப் பலரும் நிறத்தின் கதையாகச் சொல்கிறார்கள். சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய நொய்யலின் படங்கள் மனதில் பதிந்துவிட்டதால் அப்படி. ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பல வருடம் தண்ணீர் சோதித்தவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. இது உப்பின் கதை. இங்கே வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் உப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியது. உப்பைத் திரும்ப அதே சாயத் தொட்டிக்கே அனுப்பும் வழி கிடைத்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. அந்த வழியும் இன்னும் முழுமை அடையவில்லை.

பருத்திக்கு ஏன் இவ்வளவு உப்பு? 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் ‘புரோசியான்’ என்ற பெயரில் ரியாக்டிவ் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ராட்டி, ஸ்டீஃபன் என்ற இரண்டு வேதியியலாளர்களின் வேலை அது. அதுவரை சாயம் நாரின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சாயமோ நாரோடு வேதிப் பிணைப்பில் சேர்ந்துவிடும். துவைத்தாலும் போகாது. பனியன் ஊருக்கு இதைவிட நல்ல சாயம் கிடையாது. ஆனால் தண்ணீரில் பருத்தி எதிர்மின் தன்மை கொள்ளும், சாயத்துக்கும் அதே தன்மை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் உப்பு. அப்படியும் சாயத்தில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்குதான் நாரில் பிடிக்கும், மிச்சம் தண்ணீரோடு கெட்டுப்போய் நிறமாக வெளியேறும். அந்த நிறம் கண்ணில் பட்டது. உப்பு படவில்லை.

அது தெரிந்த இடம் ஒரத்துப்பாளையம். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். கீழே இருக்கும் ஆயக்கட்டுக்குப் பாசனம் தர வேண்டும் என்பது நோக்கம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூரைத் தாண்டி, திருப்பூருக்குள் நுழைந்து வெளியேறும் ஆறு, மழைக்காலம் போக மற்ற மாதங்களில் கொண்டுவந்தது பெரும்பாலும் பட்டறைத் தண்ணீரைத்தான். அணை அதைத் தேக்கி வைத்தது. தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது.

என் அம்மாவின் ஊர் அணைக்குக் கீழே, ஆற்றோரம். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மஞ்சளும் தென்னையும் வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போனது முதல் அடையாளம். அப்புறம் மஞ்சள் இலையின் ஓரம் கருகியது. சோடியம் ஏறிய மண் களிபோல இறுகி, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். “ஆத்துல தண்ணி வராதான்னு ஏங்குன காலம் போயி, வந்துருமோன்னு பயப்படற காலம் வந்துருச்சு சாமி” என்பார். அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகள் போராடிய ஊர் இது. பாசன அணையின் மதகைத் திறக்கக் கூடாது என்று ஆயக்கட்டுக்காரரே கேட்கிறார் என்றால், அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004-ல் 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது.

சுண்ணாம்புக் காலம்

1990-களின் இறுதியில் முதல் தலைமுறைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல பட்டறைகளின் கழிவைக் குழாய் வழியாக ஓரிடத்தில் சேர்த்து, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலக்கி, வண்டலை அடியில் படியவிட்டு, மேல் தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். நிறம் பெருமளவு போனது. பார்வைக்குத் தெளிவு. ஆனால் கரைந்த உப்புக்குச் சுண்ணாம்பு எதுவும் செய்யாது. நிலையத்துக்குள் வந்த உப்பு அப்படியே வெளியே போனது. கூடவே மலைமலையாக வண்டல் சேர்ந்தது. ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த திடப்பொருள், நாங்கள் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பட்டறைக் கழிவில் அது 6,000 வாக்கில் இருக்கும். தெளிவாக இருந்தால் சுத்தம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் அணைக்குக் கீழே இருந்தவர்கள்.

சவ்வின் காலம்

உப்பைப் பிரிக்கும் கருவி உலகத்தில் அப்போதே இருந்தது. 1950-களின் கடைசியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சிட்னி லோயப்பும் சேர்ந்து செல்லுலோஸ் அசிட்டேட்டில் ஒரு சவ்வைச் செய்தார்கள். மேற்புறம் மிக மெல்லிய அடர்ந்த தோல், அடியில் அதைத் தாங்கும் நுண்துளைப் பஞ்சு. தோல் மெல்லியது என்பதால் தண்ணீர் வேகமாகக் கசியும், உப்பு பின்தங்கும். ஆர்.ஓ. என்று இன்று வீட்டுச் சமையலறை வரை வந்திருப்பதன் தொடக்கம் இதுதான். 1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில் குடிநீருக்காக இதை ஓட்டிப் பார்த்தார்கள். 1970-களில் ஜான் கேடட் பாலிஅமைடு மென்படலச் சவ்வை உருவாக்கிய பிறகு அழுத்தமும் செலவும் குறைந்தன. இப்போது எங்கள் நிலையங்களில் இருப்பது இந்த வகை.

திருப்பூருக்கு அது தானாக வரவில்லை, நீதிமன்றம் கொண்டுவந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவிட்டது. 2007 ஜூலை வரை அவகாசம். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பட்டறைகள் கடன் வாங்கி ஆர்.ஓ. போட்டன. இங்கேதான் ஆய்வின் மையமான கணக்கு வருகிறது. டி.டி.எஸ். 6,000 உள்ள கழிவு 100 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 600 கிராம் உப்பு. ஆர்.ஓ. நன்றாக ஓடினால் 85 லிட்டர் நல்ல தண்ணீர் திரும்பும். மீதி 15 லிட்டரில் அந்த 600 கிராமும் இருக்கும். லிட்டருக்கு 40 கிராம், கடல் தண்ணீரைவிட அதிகம். இதற்கு மேல் பிழிவதும் கடினம். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரிலேயே சவ்வு தாண்ட வேண்டிய எதிரழுத்தம், பார் என்ற அலகில், சுமார் 27. மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். உப்பு இரட்டிப்பானால் எதிரழுத்தமும் இரட்டிக்கும். ஓரிடத்தில் சவ்வு கையை விரித்துவிடும்.

ஆக, சவ்வு உப்பை அழிக்கவில்லை, ஒதுக்கிவைத்தது. அந்த 15 லிட்டருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிஜெக்ட். ரிஜெக்டை என்ன செய்வது என்பதுதான் திருப்பூரை வீழ்த்திய கேள்வி.

கொதிக்கவைத்த காலம்

விடை எவாப்பரேட்டர் என்றார்கள். ரிஜெக்டைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்பு திடமாக மிஞ்சும். காகிதத்தில் சரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பத்து லட்சம் லிட்டர் கையாளும் நிலையத்தில் ரிஜெக்ட் ஒன்றரை லட்சம் லிட்டர். ஒரே கட்டத்தில் கொதிக்கவைத்தால் நாளுக்கு 30 டன் விறகுக்கு மேல் ஆகும் என்று என் தோராயக் கணக்கு. ஒரு கட்டத்தின் ஆவியை அடுத்த கட்டத்துக்கு வெப்பமாகக் கொடுத்து நான்கைந்து கட்டமாக ஓட்டினால் எட்டு டன் வாக்கில் இறங்கும். ஆவியை அமுக்கி அதன் வெப்பநிலையைக் கூட்டித் திரும்பப் பயன்படுத்தும் எம்.வி.ஆர். இயந்திரம் விறகைக் குறைக்கும், கரண்ட் பில்லை ஏற்றும்.

விறகு எரித்தால் புகை. நொய்யலுக்குப் போகாத அழுக்கில் ஒரு பங்கு புகைக்கூண்டு வழியே ஊர்மேல் படிந்தது. சைக்ளோன் என்ற சுழல்கூம்பு, புகையைச் சுழற்றிக் கனமான சாம்பலை ஓரத்துக்குத் தள்ளிப் பிடிக்கும், நுண்தூசு தப்பிவிடும். துணிப்பை வடிகட்டி நுண்தூசையும் பிடிக்கும், ஆனால் விறகுப் பொறி பட்டால் பையே எரியும். தண்ணீர் தெளித்துப் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் போட்டால் அந்தக் கழுவிய தண்ணீர் மறுபடி கழிவுத் தொட்டிக்கே வரும்.

நான் வேலை பார்த்த நிலையத்தில் எவாப்பரேட்டர் குழாய்கள் மாதத்துக்கு ஒருமுறை அடைத்தன. கால்சியம், சிலிக்கா, கெட்டுப்போன சாயம் எல்லாம் சேர்ந்து குழாய்க்குள் கல்லாக இறுகிவிடும். குளோரைடு எஃகை அரிக்கும். சாயத்தோடு வந்த சோப்பு வகைகள் நுரை கட்டி, உப்பு கலந்த நுரை நல்ல தண்ணீர்ப் பக்கம் போய்விடும். இயந்திரம் கொடுத்தவர்கள் சுத்தமான உப்புத் தண்ணீரை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்தது அது இல்லை. ரிஜெக்ட் தொட்டி நிரம்பும், எவாப்பரேட்டர் நிற்கும், பட்டறையோ நிற்காது. இரவில் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் ஆறு சொன்னது. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் என்னிடம் இருக்கிறது.

2011 ஜனவரி 28. உத்தரவை மதிக்காததற்காக அனைத்துச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி, மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வாரத்தில் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். அறைவாடகை கொடுக்க முடியாமல் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். அதே மாதம் அம்மா ஊருக்குப் போனால் பொங்கல் முடிந்த சந்தோஷத்தைவிடப் பெரிய சந்தோஷம் அங்கே. இரண்டும் நியாயம்தான். இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிறவர்களுக்கு அந்த வருடம் தூக்கம் வரவில்லை.

திருப்பி அனுப்பிய காலம்

பல்லடம் சாலையில் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் வேறு வழியை முயன்றது. மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ரிஜெக்டில் உப்பு லிட்டருக்கு 40 கிராம். சாயத் தொட்டிக்கு வேண்டியது நிறத்தைப் பொறுத்து 40 முதல் 80 வரை. பட்டறைக்காரர் நல்ல தண்ணீரில் உப்பு மூட்டையைக் கொட்டிக் கரைக்கிறார். நிலையத்துக்காரர் அதே உப்புத் தண்ணீரை விறகு வைத்து வற்றடிக்கிறார். இடையில் இருப்பது ஒரு குழாய் தூரம்.

அப்படியானால் ஏன் கொதிக்கவைக்க வேண்டும்? ரிஜெக்டில் இருக்கும் நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீராகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் போதும். இதுதான் அந்த யோசனை. புதிய இயந்திரம் என்று இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சுண்ணாம்பும் சோடாவும் போட்டுப் படியவைப்பது பழைய வித்தை. நிறத்துக்கு, கரைந்ததைப் பிடித்து வைக்கும் ரெசின் மணிகளும் நானோ வடிகட்டியும். முன்னாடி உயிரியல் தொட்டிகளில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று முடித்திருக்க வேண்டும், அது சரியாக நடக்காவிட்டால் பின்னாடி எதுவும் நடக்காது.

இரண்டாவது மாற்றம் உப்பையே மாற்றியது. சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சூடான தண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும்: 100 கிராம் தண்ணீருக்கு 36 கிராம் வாக்கில். அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வற்றடிப்பதைத் தவிர வழியில்லை. சோடியம் சல்ஃபேட் அப்படி இல்லை. 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் வரை கரையும், பூஜ்யத்துக்கு இறக்கினால் 5 கிராம்தான். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் கிளாபரின் பெயரால் இதைக் கிளாபர் உப்பு என்கிறோம். அடர்ந்த கரைசலைக் குளிர்வித்தால் போதும், படிகம் தானாக உதிரும். ஆவியாக்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் குளிர்விக்கும் செலவு மிகச் சிறியது. எஃகை அரிப்பதும் குறைவு. சாயத்துக்கும் இது குளோரைடு அளவுக்கே நன்றாக வேலை செய்யும். பட்டறைகள் சல்ஃபேட்டுக்கு மாறியது இயந்திரம் வாங்கியதைவிட முக்கியமான முடிவு என்று நான் நினைக்கிறேன். கடைசியில் எதைப் பிரிக்க முடியும் என்று பார்த்து, முதலில் எதைப் போடலாம் என்று தீர்மானித்தார்கள்.

சாய மாஸ்டர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. “கழிவுத் தண்ணிய மறுபடி தொட்டீல ஊத்தச் சொல்றீங்களா தம்பி? லைட் கலர் என்னாகும்?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் பயம் நியாயமானது. லேசான நிறங்களில் கொஞ்சம் பழுப்பு கலந்தாலும் தெரிந்துவிடும், கடினத்தன்மை மிச்சம் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கறுப்பு, கருநீலம், மெரூன் என்று அடர்நிறங்களில் தொடங்கினார்கள். தினமும் மாதிரி எடுத்து முடிவை அவர் கையில் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அவரே போன் போட்டு, இன்றைக்கு உப்புத் தண்ணீர் ஏன் லேட் என்று கேட்டார்.

மாநில அரசு 2011-ல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சோதனை ஓட்டம் முடித்துத் திறந்தன. இன்று 18 பொது நிலையங்களும் தனிப் பட்டறைகளின் சொந்த நிலையங்களும் ஓடுகின்றன. உள்ளே வரும் தண்ணீரில் நூற்றுக்கு 90-க்கும் மேல் மறுபடி சாயத்துக்கே போகிறது. பழைய வின்ச் தொட்டிகளின் இடத்தில் சாஃப்ட்-ஃப்ளோ இயந்திரங்கள் வந்ததில் தண்ணீரும் பாதிக்கு மேல் குறைந்தது. தண்ணீர் குறைந்தால் லிட்டர் கணக்கில் போடும் உப்பும் குறையும்.

தொட்டிக்குள் இறங்குகிறவர்

இதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. உப்பைச் சல்ஃபேட்டாக மாற்றியதில் ஒரு ஆபத்தும் கூடவே வந்தது. காற்றுப் படாத வண்டலில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை வாசம் அடிக்குமே, அந்த வாயு. காற்றைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். லிட்டர் கணக்கில் வேண்டியதில்லை. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தாண்டினாலே மூக்கு மரத்துவிடும், வாசமே தெரியாது. வாசம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நிமிடம்தான் கொல்கிறது. முதலில் ஒருவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மயங்குவார்.

எங்கள் சேகரிப்புத் தொட்டியில் ஒரு தம்பி அப்படிச் சரிந்தார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் மேலே இழுத்தோம், பிழைத்துவிட்டார். கயிறு கட்டச் சொன்னது நிர்வாகம் இல்லை, கூட வேலை பார்த்த வயதான மேஸ்திரி. அதற்குப் பிறகுதான் ஊதுகாற்றாடியும் வாயு அளக்கும் கருவியும் வாங்கினார்கள். ஊதுகாற்றாடியின் குழாய் தொட்டியின் அடிவரை போக வேண்டும். மேல்வாயில் வைத்து ஊதினால் மேல்காற்று மட்டும் சுழலும், அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். கால் மணி நேரமாவது ஊதிவிட்டு, கருவியைக் கயிற்றில் இறக்கி அளந்து பார்த்து, ஊதுவதை நிறுத்தாமலே வேலை செய்ய வேண்டும். கோடிக்கணக்கில் சவ்வு வாங்கும் இடத்தில் இந்தக் காற்றாடிக்கு எவ்வளவு ஆகிவிடும்? மனிதரே இறங்காமல் பம்பு வைத்து வண்டலை எடுக்கும்படி தொட்டியைக் கட்டுவது அதைவிட நல்லது. புதுத் தொட்டி கட்டுகிறவர்கள் தயவுசெய்து அடித்தளத்தைச் சரிவாகக் கட்டுங்கள்.

மிச்சம்

எல்லா உப்பும் திரும்பிப் போவதில்லை. சல்ஃபேட் மட்டுமே போட்டாலும் குளோரைடு பல வாசல்களில் உள்ளே வரும்: வெளுக்கும் வேதிப்பொருளில், நடுநிலையாக்கும் அமிலத்தில், போர்வெல் தண்ணீரில், ரெசினைப் புதுப்பிக்கும் சமையல் உப்பில். சுற்றுகள் ஏற ஏற அது சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் எவாப்பரேட்டரின் அடியில் சல்ஃபேட்டும் குளோரைடும் சாயத் துணுக்கும் கலந்து பழுப்பாக ஒன்று மிஞ்சும். மிக்ஸ்டு சால்ட் என்பார்கள். சாயத்துக்கு ஆகாது, வேறு எதற்கும் எளிதில் விலை போகாது. ஈரத்தை இழுக்கும், மழை பட்டால் கரைந்து ஓடிவிடும் என்பதால் கூரைக்கடியில் மூட்டை கட்டி அடுக்க வேண்டும். வண்டலைச் சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. இந்த உப்பை அப்படிக் கொடுக்க முடியவில்லை, குளோரைடு சிமெண்ட் சூளைக்கு ஆகாது.

சுண்ணாம்புக் காலத்தில் ஆற்றிலும், சவ்வின் காலத்தில் ரிஜெக்ட் தொட்டியிலும் இருந்த உப்பின் ஒரு பங்கு இப்போது கொட்டகையில் இருக்கிறது. முன்பு இருந்ததில் மிகச் சிறு பங்கு என்பது உண்மை. பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. பட்டறையில் நுழையும் குளோரைடை வாசலிலேயே குறைப்பதுதான் முதல் வேலை என்பது என் கருத்து. ரெசினைப் புதுப்பிக்கச் சமையல் உப்புக்குப் பதிலாக, நாம் மீட்ட சல்ஃபேட் கரைசலைப் பயன்படுத்தலாம். அங்கே கால்சியம் சல்ஃபேட் படிந்து ரெசினை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பக்குவத்துக்குத்தான் இப்போது சோதனைகள் செய்கிறோம்.

போன ஐப்பசியில் அம்மா ஊருக்குப் போயிருந்தேன். அப்புச்சி இல்லை, தோட்டத்தை மாமா பார்க்கிறார். மஞ்சள் இன்னும் போடவில்லை. உப்பைத் தாங்கும் சோளத்தட்டு போட்டிருந்தார். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் கிணறு கொஞ்சம் தேறுகிறது என்றார். டி.டி.எஸ். பேனாவைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்து எண்ணைக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை.

“அந்த மூட்டையெல்லாம் எங்க போகுது மாப்ள?” என்றார்.

“கொட்டாயிலதானுங்க மாமா இருக்குது.”

“மழ பெஞ்சா?”

“கூரை போட்டிருக்குதுங்க.”

வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, “வருசா வருசம் கூரையப் பாத்துக்கங்க” என்றார்.